அவுட்டரில் நின்ற பாசஞ்சர்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தினமும் ஊத்துக்குளியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவேன். ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நின்றால் எங்கள் வண்டியை ஸ்டேஷனுக்கு வெளியே, அவுட்டர் சிக்னலிலேயே நிறுத்திவிடுவார்கள். கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்களே என்று பலரும் அங்கேயே இறங்கி, பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டி நடப்போம்.

அன்றும் டிபன் பையை முதலில் கீழே வீசினேன்; அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய் விழுந்தது. பிறகு படியில் கால் வைத்தேன். வெண்ணெய் விற்கப் போகும் பெண் ஒருத்தி என் துப்பட்டாவைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"விடும்மா!" என்று எரிந்து விழுந்தேன். வாய் மூடுவதற்குள் பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வந்த எக்ஸ்பிரஸ் சீறிக்கொண்டு போனது. என் பை நசுங்கிக் கிடந்தது.

"கம்பெனி அங்கயேதானுங்க அக்கா இருக்கும். நீங்க இருக்கோணுமில்லீங்க?" என்றாள்.

கூடுதல் தண்டவாளம் கேட்டு நாங்களும் மனு கொடுத்துப் பார்த்துவிட்டோம். அது வரும்வரை பாசஞ்சர் காத்துத்தான் கிடக்கும். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு என் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன். வண்டி அவுட்டரில் நின்றால், நாங்கள் இருவரும் எழுந்து வாசலை மறித்து நிற்கிறோம். அவசரக்காரர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். அன்று நானும் திட்டியவள்தானே.