பினாங்குக்குப் போன கால் அளவு

எங்கள் வாப்பா என்னை நூலில்தான் வளர்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முந்திய வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர், அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலையாக இருந்தார். பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து யாராவது பயணம் புறப்பட்டால் உம்மா என்னைக் கூப்பிட்டு நிற்கவைப்பார். தோளிலிருந்து முழங்கால்வரை ஒரு நூல், மார்புச் சுற்றுக்கு ஒரு நூல் என்று அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்புவார். பல மாதம் கழித்து யாராவது திரும்பி வரும்போது அந்த அளவில் கவுன் வரும்.

அந்த அளவில் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. வளர்கிற பிள்ளைக்கு அளவாகத் துணி எடுப்பது எங்கள் ஊரில் ஊதாரித்தனம். எல்லா வீட்டிலும் கூட்டித்தான் அளப்பார்கள், உம்மாவும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்புக்கு நான் போட்டுப்போன கவுனுக்குள் இன்னொரு பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்திருக்கலாம். இரண்டாம் வகுப்பில் அது எனக்குச் சரியாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விட்டது. மூன்று வகுப்பையும் வாப்பா நூலில்தான் பார்த்தார்.

மூன்றாம் வகுப்பில்தான் நான் நன்றாக ஓடுவேன் என்பது ஊருக்குத் தெரிந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பள்ளி திறந்த புதிதில், என் சிலேட்டுக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஐந்தாம் வகுப்புப் பையனை நான் துரத்திப் பிடித்து நாலு சாத்து சாத்தியதை டிரில் வாத்தியார் பார்த்துவிட்டார். சாத்தியதற்குத் திட்டிவிட்டு, ஓடியதற்காக என் பெயரை எழுதிக்கொண்டார். சிதம்பரத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து மாசியில் ஓட்டப்பந்தயம் நடக்கும். பெண் பிள்ளையை ஓடுவதற்காக அவ்வளவு தூரம் கூட்டிப்போக வேண்டுமா என்று மாமா இழுத்தார். இன்னும் இரண்டு வருஷம் போனால் நாமே அனுப்பமாட்டோம், இப்போது ஓடட்டும் என்றார் உம்மா. அதில் ஓடட்டும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

சிதம்பரத்துப் பிள்ளைகள் கேன்வாஸ் ஷூ போட்டு ஓடுவார்கள் என்று வாத்தியார் பேச்சுவாக்கில் சொன்னதை வீட்டில் வந்து கொட்டினேன். ஷூ என்றால் காலைக் கவ்வ வேண்டும், தொளதொளவென்று இருந்தால் விழுந்து பல் உடையும் என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். உம்மா என்னைச் சுவரில் குதிகால் ஒட்ட நிற்கவைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை நூல் பிடித்து, முதல் தடவையாக ஒரு மயிரிழையும் கூட்டாமல் அறுத்தார். அந்த வாரம் கப்பலேறிய பக்கத்து வீட்டுக்காரர் அதை எடுத்துப்போனார்.

பந்தயத்துக்கு முந்திய வாரம் ஷூ வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. ரப்பர் வாசனையை மோந்து மோந்து பார்த்தேன். கால்தான் உள்ளே போகவில்லை. உம்மா என் குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவி, கரண்டிக் காம்பை விட்டு நெம்பி, ஒருவழியாக உள்ளே தள்ளினார். விரல்கள் மடங்கிக்கொண்டன. நாலடி வைப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வாப்பாவுக்கு என்னையத் தெரியவே தெரியாது” என்றேன்.

கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது. “போட்டுக்கிட்டே ஓடும்மா. போட்டு ஓடுனாளான்னு வாப்பா கேப்பாங்க. நா என்னான்னு எழுதச் சொல்றது?”

அவர் முகத்தைப் பார்த்த பிறகு, போட்டே ஓடுகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க விந்தி விந்தி நடந்தேன்.

மாமாவோடு ரயிலேறிச் சிதம்பரம் போனேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டில் நின்றபோது, எங்கள் வரிசையில் எல்லாம் வெறுங்கால்கள். வாத்தியார் சொன்ன ஷூக்காரர்கள் எங்கே போனார்களோ, என்னைத் தவிர யாரும் இல்லை. சுண்டுவிரல் விண்விண்ணென்று தெறித்தது. விசில் ஊதப் போகிறவர் கையைத் தூக்குவதற்குள் குனிந்து இரண்டையும் கழற்றிவிட்டேன். கீழே வைக்க மனம் வரவில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் உம்மா வாப்பாவுக்கு என்ன எழுதுவார்? கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மைதானமே சிரித்தது. எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண்தான் எல்லைக் கயிற்றைத் தொட்டாள்.

இரண்டாம் பரிசு ஒரு சோப்பு டப்பா. கையை வீசி ஓடியிருந்தால் முதல் பரிசு எவர்சில்வர் தம்ளர் நம் வீட்டுக்கு வந்திருக்கும் என்று மாமா ரயில் முழுக்கப் புலம்பினார். உம்மா கதையைக் கேட்டுச் சிரித்தார், சோப்பு டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மாமாவை உட்காரவைத்து, பிள்ளை இரண்டாவதாக வந்தாள், ஷூ அளவு ரொம்பச் சரி என்று எழுதச் சொன்னார். நான் பொய் சொன்னால் அடிக்கிற உம்மா இப்படி எழுதச் சொன்னதில் எனக்குப் பெரிய கோபம்.

மறு வருஷம் நோன்புப் பெருநாளுக்கு வாப்பா வந்தார். என்னைத் தூக்கிக்கொள்வதா, பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் விடுவேனா? ஷூவை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வழக்கைத் தொடுத்தேன். உம்மா கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை.

வாப்பா உம்மாவைப் பார்த்தார். “வளர்ற புள்ளன்னு நீ எப்பயும் போல ஒரு வெரக்கட ஜாஸ்தி வச்சிருப்பேன்னு நெனச்சேன். அதான் அதக் கொறச்சி வாங்குனேன்.”

“நா எதுவும் கூட்டலங்க. அவ காலே அவ்ளோதான்” என்றார் உம்மா.

வாப்பா எழுந்துபோய்ப் பெட்டிச் சாவியை எடுத்தார். அதில் சுற்றி வைத்திருந்த என் கால் அளவு நூலைப் பிரித்துக்கொண்டு என்னைச் சுவரில் குதிகால் ஒட்ட நிற்கச் சொன்னார். உட்கார்ந்து, என் குதிகாலிலிருந்து நூலைப் பிடித்தார். அது பெருவிரலைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சிதம்பரத்தில் விட்ட தம்ளரையே வாங்கிவிட்டதுபோல இருந்தது. “பாருங்க வாப்பா, தாண்டிட்டேன்” என்றேன்.

நான் வளர்ந்திருப்பதைக் கண்டு அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு வளர்ந்து காட்டியும் ஒரு மனிதருக்கு ஏன் போதவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நூல் முடிந்த இடத்தில் விரலை வைத்தபடி அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று காலை எக்கி எக்கி முன்னால் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தேன்.