முனியம்மாளுக்கு வாய்த்த தாய்மாமன்

ரங்கூனில் இருந்தவரைக்கும் முனியம்மாளை "இந்தியாக்காரி" என்றார்கள். நாற்பத்திரண்டில் குண்டுக்குப் பயந்து, அப்பன் கருப்பண்ணனோடு பாதி நடையும் பாதி ரயிலுமாகப் பென்னாகரம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தால், இங்கே "பர்மாக்காரி" என்றார்கள். பர்மாக்காரத் தாய் கொடுத்த சப்பை மூக்கு, அப்பன் கொடுத்த கறுப்பு நிறம், குலசாமியின் பேர். பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

ஆனாலும் உள்ளூர்ப் பையன் நஞ்சப்பன், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவளுக்கும் அவன்மேல் உயிர். அவன் ஆத்தா குள்ளம்மாள் மூக்கைக்கூட மன்னித்துவிட்டாள். வெற்றிலை மாற்ற உட்கார்ந்தபோதுதான் ஊர்ப் பெரியவர் கேட்டார்: "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கப்பா?"

அக்காள் மகளைக் கட்ட முதல் உரிமை தாய்மாமனுக்கு. அவன் விட்டுக்கொடுத்தால்தான் வேறொருவன் கட்டலாம். முனியம்மாளின் மாமன்மாரோ கடலுக்கு அப்பால், சப்பான்காரன் பிடித்த சீமையில்.

"நாளைக்கு அவன் கப்பலேறி வந்து பொண்ணக் குடுன்னு நின்னா, யாரு பதில் சொல்றது?" என்றார் பெரியவர்.

யோசித்து யோசித்து, ஊரே ஒரு தாய்மாமனை நியமித்துவிடுவது என்று முடிவானது. நான் இருக்கிறேன் என்று எழுந்தவர் மாது. வயது ஐம்பத்தைந்து, இரண்டு பெண்டாட்டிகளைப் பறிகொடுத்தவர், பிள்ளை குட்டி இல்லை, வாயில் நாலே பல். ஊர் அவருக்கு மாலை போட்டது.

"இப்ப நான்தான தாய்மாமன்?"

"ஆமா."

"அப்ப மொத உரிமை எனக்குத்தான? நானே கட்டிக்கறேன்!"

அடப்பாவி மனுசா! ஆனால் முறை முறைதானே? நஞ்சப்பன் முகம் சுண்டிப்போயிற்று. முனியம்மாள் சட்டென்று முன்னால் வந்தாள்.

"பர்மாக்காரின்னு நீங்கதான என்னைச் சொல்றீங்க? மாமன்ங்கறது ஆத்தா வழி. அப்ப பர்மா மொறைதானுங்களே செல்லும்? அங்க தாய்மாமன்னா பெத்த அப்பனுக்குச் சமமுங்க. கட்டறதப் பத்தி நெனச்சாலே பாவமுங்க."

சொல்லிக்கொண்டே மாதுவின் காலில் விழுந்தாள். "அப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க!"

அந்தச் சொல்லை ஐம்பத்தைந்து வருசத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. மாதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுந்திரு தாயி," என்று தலையில் கை வைத்தவர், "சீரு எல்லாம் என்னோடது, கூறைச்சேலை உள்பட!" என்று கூட்டத்தைப் பார்த்து முறைத்தார். வெற்றிலை மாறியது.

கருப்பண்ணன் மகளை ஓரமாக இழுத்துப்போய்க் காதோடு கேட்டார்: "ஏம்மா, பர்மாவுல அப்படி ஒரு மொறை இருக்குதா?"

"எனக்கென்னப்பா தெரியும்? ஆத்தா சாகறப்ப எனக்கு மூணு வயசு. அங்க பொண்ணு கட்டுனது நீதான?"