அக்காவின் பிரிக்கப்படாத பங்கு

எங்கள் குடும்பத்தில் இதுவரை நான்கு நினைவு மலர்கள் வந்திருக்கின்றன. நான்கையும் படித்திருக்கிறேன். அவற்றை நம்பினால், எங்கள் வம்சத்தில் யாரும் யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. எல்லோரும் புன்னகையோடு பிறந்து, புன்னகையோடு இறைவனடி சேர்ந்திருக்கிறார்கள். அக்காவுக்கு அந்த மரியாதையை என்னால் செய்ய முடியாது. அக்கா கோபத்தோடு போனார். நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. இத்தகைய மலரைத் திதியன்று, பந்திக்கு முன்னால் கையில் கொடுப்பதுதான் வழக்கம். இதை மட்டும் பத்து நாள் முன்னதாகவே தபாலில் அனுப்பியிருக்கிறேன். காரணம் கடைசியில் இருக்கிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறவர்களை அக்காவுக்குப் பிடிக்காது என்பதை நினைவூட்டுகிறேன்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றில். ஆறு குடித்தனம், ஒரு குழாய். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றும்போதெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைக் கட்டுவார். அக்காவுக்கு இருபது வயதாவதற்குள் ஏழு வீடு மாறியிருந்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் பதினான்கு வயது வித்தியாசம்; ஆகவே கடைசி இரண்டு வீடுகளுக்கு மட்டும் நானும் ஒரு மூட்டையாகப் போனேன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா தியாகராய நகரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தார். அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். படித்து முடித்து நான் நகைச்சுவை எழுத்தாளன் ஆனேன். அதற்குப் பிறகும் அக்கா எனக்குச் சோறு போட்டார் என்பதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறேன். கல்யாணம் பற்றிக் கேட்ட உறவினர்களிடம், "முதல்ல வீடு. மாப்பிள்ளையை எங்க உக்கார வெக்கிறது?" என்பார். வீடு வாங்கினார். மாப்பிள்ளை பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாடி, எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. அதில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை. அலுவலகக் கடனில், தனி ஆளாக, ஒரு தட்டச்சுக்காரப் பெண் மயிலாப்பூரில் வாங்கிய வீடு. இதை என் நண்பர்களின் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் எழுதிய எதற்கும் அவர்கள் இவ்வளவு சிரித்ததில்லை. தரமணியில் கணவனும் மனைவியுமாக இரண்டு சம்பளம் வாங்கும் பிள்ளைகள் அவர்கள். அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சமையலறைகூட வாங்க முடியாதவர்கள்.

கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியதும் அக்கா சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "இனிமே என்னை இங்கேர்ந்து பொணமாத்தான்டா கீழ எறக்கணும்." நல்ல நாளில் என்ன பேச்சு என்று பெரியம்மா அதட்டினார். அக்கா மங்கலமாகத்தான் பேசினார். ஏழு வீடு மாறியவருக்கு அதைவிட மங்கலமான பேச்சு கிடையாது.

அந்த வீட்டின் தரையை அக்கா தினமும் இரண்டு தடவை துடைப்பார். செருப்போடு உள்ளே வந்தவர் கடன் கொடுத்த பேங்க் மேனேஜராகவே இருந்தாலும் வாசலுக்குத் திருப்பி அனுப்புவார்.

இனி என் பங்கு. கட்டடத்துக்கு முப்பது வயது தாண்டியதும் ஒரு பில்டர் வந்தார். இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டுவார், எட்டு வீட்டுக்காரர்களுக்கும் புது வீடு, மீதியை அவர் விற்றுக்கொள்வார், பதினெட்டே மாதம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கா போடவில்லை. அக்காவைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பைக் கட்டடமே என்னிடம் ஒப்படைத்தது. வாழ்நாளில் முதல்முறையாக என் பேச்சுத்திறமையை ஒரு சபை நம்பியது.

"லிஃப்ட் வரும்க்கா."

"முட்டி வலி எனக்கு. உனக்கு எங்கடா வலிக்குது?"

"கார் பார்க்கிங் தராங்கக்கா."

"கார் யாரு தருவா?"

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் அக்கா பேனாவை வாங்கினார். "நீ சொல்றேன்னு போடறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு வாடகை வீட்டு வேட்டை. மயிலாப்பூரில் தெருவுக்கு இரண்டு கட்டடத்தை ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டை இடிக்கக் கொடுத்த அத்தனை பேரும் இடிக்காத மிச்ச வீடுகளுக்கு அடித்துக்கொண்டதில், பில்டர் தந்த வாடகைப் பணத்தில் மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடி அறைகூடக் கிடைக்கவில்லை. அதோடு ஒரு நேர்காணல் வேறு. சைவமா, அசைவமா, எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். எழுபதை நெருங்கும் அக்காவைப் பார்த்ததும் குரல் இறங்கும். வயதானவர்களுக்கு வீடு இல்லை. ஏனென்றால் வயதானவர்கள் செத்துவிடுகிறார்கள்.

பாலவாக்கத்தில் ஒருவர் மனமிரங்கினார். முன்பணம் வாங்கிய பிறகு என்னைத் தனியே அழைத்து, அக்கா காதில் நன்றாக விழும்படி சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா கொண்டு போயிடணும். இங்க கொண்டாரக் கூடாது. அப்புறம் யாரும் வாடகைக்கு வர மாட்டாங்க."

"எழுதிக் குடுத்துடட்டுமா சார்?" என்றார் அக்கா. "டைப் அடிச்சே தரேன்."

பதினெட்டு மாதம் முடிந்தபோது எங்கள் மனையில் ஒரு பள்ளம் இருந்தது. மழைக்காலத்தில் அதில் தவளைகள் கிரகப்பிரவேசம் செய்தன. அக்கா வாரம் ஒரு நாள் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "எல்லாரும் வீடு வெச்சிருக்காங்க. மயிலாப்பூர்ல சொந்தமா பள்ளம் வெச்சிருக்கிறவ நான் ஒருத்திதான்" என்பார். அங்கே காவலுக்கு இருந்த ஏழுமலை தன் தகரக் கொட்டகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். டீ வாங்கிவந்து கொடுப்பார். "இன்னாம்மா, வூடு எம்மாந்தூரம் வந்துகீதுன்னு பாக்க வந்தியா?" "பள்ளம் எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு பாக்க வந்தேன்பா."

இரண்டு வருடம் கழித்துப் பள்ளத்தை மூடித் தூண் எழுப்பினார்கள். அக்கா எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார். அதோடு வேலை நின்றது. பில்டரிடமிருந்து கடிதம் வந்தது. சிமெண்ட் ஏறிவிட்டது, கம்பி ஏறிவிட்டது, மணல் ஏறிவிட்டது, ஆள்கூலி ஏறிவிட்டது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பங்காக மேலும் ஒரு தொகை தர வேண்டும். அக்கா அந்தக் காலத்தில் வீடு வாங்கிய விலையைவிட அந்தத் தொகை பெரியது.

"எல்லாம் ஏறிச்சாம். என் பென்ஷன் ஏறிச்சான்னு அவங்களைக் கேட்டியா?"

விலைவாசி ஏறியது பொய்யில்லை. எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் மனையின் தகர வேலியில், பில்டர் வெளியாருக்கு விற்கப்போகும் வீடுகளுக்கான விளம்பரம் இருந்தது. அந்த விலையும் ஏறிக்கொண்டே இருந்தது. பழைய எண்ணின் மேல் புது எண்ணை ஒட்டியிருந்தார்கள். வீட்டு விலை ஏறினால் லாபம் அவருக்கு. கட்டுமானச் செலவு ஏறினால் பங்கு எங்களுக்கு. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்தால், என்னை மறுபடியும் அதில் சேர்த்துவிட அக்காவைக் கேட்டிருப்பேன். பணம் தரவில்லை என்றால் வேலை நடக்காது என்றார்கள். எட்டுப் பேரில் ஐந்து பேரிடம் பணம் இல்லை. "அந்த எடம் இன்னிக்குக் கோடிக்கணக்குல போகுமே, குடுத்துவெச்சவங்க!" என்று இதைப் படிக்கும் சிலரே அக்காவிடம் சொன்னீர்கள். அந்தக் கோடீஸ்வரி பாலவாக்கத்தில், ஆணி அடிக்க அனுமதியில்லாத சுவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

நான்காவது வருடம் மூச்சுத்திணறல் வந்து அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை அக்கா காலமானார். முந்தின நாள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி: "நேரா கொண்டு போயிடுவீங்கல்ல?" வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்கிறாரா, வேறு எதையாவது கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

மருத்துவமனை வராந்தாவில் நின்று உறவினர்களுக்குச் செய்தி தட்டினேன். 'அன்னாரது இல்லத்தில்' என்று தொடங்கியதும் முப்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே கதவு எண், தெருப் பெயர், மயிலாப்பூர் என்று முடித்துவிட்டன. அனுப்பியும் விட்டேன். நகைச்சுவை எழுதும் நேரம் போக, பிழைதிருத்தம் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான்.

ஒரு மணி நேரத்தில், நாங்கள் ஆம்புலன்ஸில் மயானத்துக்குப் புறப்பட்டபோது, ஏழுமலை கூப்பிட்டார். "இன்னா சார் இது? மாலையும் கையுமா ஒரு முப்பது பேரு வந்து நிக்கிறாங்கோ. அம்மாவுக்கா சார்?" போனை வாங்கிப் பேசியவர் எங்கள் பழைய கீழ்வீட்டு மாமி. மகனோடு குரோம்பேட்டையில் இருப்பவர். செய்தி பார்த்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். "ஏண்டாப்பா, நாங்கள்லாம் வந்துட்டோம். அவளை எப்போ அழைச்சுண்டு வரே?"

தவறாகப் போட்டுவிட்டேன் மாமி, நேராக மயானத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் மயிலாப்பூருக்குத் திருப்பச் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை தகரக் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார். உள்ளே கம்பிகளுக்கு நடுவே, அக்காவை எங்கே கிடத்துவது என்று ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. "அவ கூடத்து ஜன்னலைத் தொறந்தா எதிராத்து பால்கனிதான் தெரியும். அதுக்கு நேரா வைங்கோ" என்றார் மாமி. எதிர்வீட்டு பால்கனியைப் பார்த்து, தள்ளி நின்று, கையால் அளந்து, இரண்டு மாடிக்குக் கீழே அக்காவின் கூடத்தைக் கண்டுபிடித்தார்கள். தளம் போட முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகைகளை அடுக்கினோம். கான்கிரீட்டுக்கு ஊற்ற வாங்கிய டிரம்மில் ஏழுமலை பிடித்து வைத்திருந்த தண்ணீரில் குளிப்பாட்டினோம்.

பத்திரத்தில் அக்காவுக்கு இருந்தது பிரிக்கப்படாத பங்கு. அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் எல்லோருக்கும் மண்ணில் இருப்பது அதுதான்: பங்கு உண்டு, ஆனால் இதுதான் என்னுடையது என்று விரலை நீட்டிக் காட்ட முடியாது. அன்று ஒரு மணி நேரம் காட்ட முடிந்தது. ஆறடிக்கு இரண்டடி.

அதற்குள் பில்டர் அலுவலகத்திலிருந்து ஏழுமலைக்குப் போன் வந்துவிட்டது. யாரைக் கேட்டு உள்ளே விட்டாய் என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. ஏழுமலை நிதானமாகச் சொன்னார்: "ஓனரம்மா சார். அவங்க வூட்டுக்கு அவங்க வந்துகீறாங்கோ. நான் யாரு சார் நிறுத்தறதுக்கு?" அந்த வாரமே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். கீழ்வீட்டு மாமிக்கு நன்றி. பேசிய வாடகைக்கு மேல் ஒரு ரூபாயோ ஒரு கேள்வியோ கேட்காமல் வண்டியைத் திருப்பிய ஓட்டுநருக்கு நன்றி. பாலவாக்கம் வீட்டுக்காரருக்கும் நன்றி. பதினாறாம் நாள் வந்து, "நான் கெட்டவன் இல்ல சார்" என்று அழுதார். கெட்டவர் இல்லைதான். இந்த ஊரில் வீடு வைத்திருக்கிறவர், அவ்வளவுதான். ஏழுமலைக்கு நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், திதிக்கு வருகிறார்.

திதியை எங்கே கொடுப்பது என்று யோசித்து, பில்டர் அலுவலகத்துக்கு முறையாகக் கடிதம் எழுதினேன். பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. வெளியாட்கள். அந்தக் கடிதத்தை மற்ற ஏழு வீட்டுக்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். அன்று எட்டுக் குடும்பமும் பத்திரங்களோடு வருகிறோம்.

முன்னதாகவே இதை அனுப்பிய காரணம் அதுதான். பின்னட்டையில் இருப்பது அதே பழைய முகவரி. போன வருடம் கை தவறியது. இந்த வருடம் தவறவில்லை. காலை ஒன்பது மணிக்கு, அக்காவின் வீட்டுக்கு வாருங்கள். இந்த ஒரு தடவை செருப்பைக் கழற்ற வேண்டாம். தரையெல்லாம் ஆணி கிடக்கிறது. அக்கா திட்டினால் என்னைத் திட்டட்டும். கையெழுத்துப் போடச் சொன்னவன் நான்தான்.