இஞ்சி போட்ட மரவள்ளி இலை

அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு அவிந்துகொண்டிருக்க, பக்கத்தில் மகள் தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டினாள். இரண்டு மணமும் கலந்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, பழுதாகி நின்ற கப்பலொன்றின் சமையற்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். சாமுவேல் என்று பெயர், லைபீரியர். அன்று அவர்கள் நாட்டின் நன்றித் திருநாள். எங்கள் குசினியில் அவரே மரவள்ளி இலையை இடித்து மீனோடு சமைத்தார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து இஞ்சியை எடுத்து நறுக்கிப் போட்டுவிட்டார்.

அம்மா அப்பாவை வாசலுக்கு இழுத்தார். “பிள்ளையளுக்குக் குடுக்க ஏலாது.”

“அவரிட்ட என்னெண்டு சொல்லுறது? அமெரிக்காவில அடிமையா இருந்து விடுதலையான சனம் கப்பலில போய் இறங்கி உண்டாக்கின ஊராம். காய்ச்சலில கனபேர் செத்துப்போச்சினமாம். மிஞ்சினவையின்ர பிள்ளையள் நன்றி சொல்லுற நாள் இது.”

சாமுவேல் செபித்துவிட்டு, வீட்டுக்காரர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார். தம்பி நீட்டிய கையை அம்மா தட்டிவிட்டார். எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மா, அன்று முதல் கவளத்தைத் தானே வாயில் வைத்தார்.

அதை மரியாதை என்று நினைத்துச் சாமுவேல் கண் கலங்கினார். அம்மா மென்றபடி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணித்தியாலம் போனபிறகுதான், “சரி, சாப்பிடுங்கோ” என்றார்.

“அம்மா, கிழங்கு அவிஞ்சிட்டுது, இஞ்சித் தேத்தண்ணியும் போட்டிட்டன். எடுக்கட்டோ?” என்று மகள் கேட்டாள்.

“பொறு. நான் முதல்ல சாப்பிட்டுப் பாக்கிறன்” என்றேன்.