கொலைப் படம் பார்க்கிற அக்கா

நான் கொலைப் படம் பார்ப்பது என் அண்ணனுக்குப் பிடிக்காது. "அம்பது வயசுல பொம்பளைக்கு எதுக்கு இந்த வெட்டு குத்து? நல்லதா ஏதாச்சும் பார்க்கக் கூடாதா?" என்பார். அவர் வீட்டில் தினமும் மாலை ஓடும் தொடரில் மாமியார் பாயசத்தில் விஷம் கலக்கிறாள், நாத்தனார் படிக்கட்டில் எண்ணெய் ஊற்றுகிறாள், கர்ப்பிணி உருண்டு விழுகிறாள். அது குடும்பக் கதையாம்! விஷம் வைத்தவளைப் பிடிக்க ஒரு பெண் வந்தால் மட்டும் அது கெட்ட படமாகிவிடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் போனில் பார்ப்பது ஏதோ ஒரு குளிர் நாட்டுத் தொடர். பேசுவது புரியாது, கீழே மலாயில் எழுத்து ஓடும். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாகம் முடிந்துவிடும். அதில் வரும் பெண் இன்ஸ்பெக்டருக்கு என் வயது. தலை சீவ மாட்டாள், நின்றுகொண்டே சாப்பிடுவாள். துப்பாக்கி எடுத்து நான் பார்த்ததே இல்லை. கேள்வி கேட்பாள், பதில் வரும், ஆனால் எழுந்து போக மாட்டாள். அதையே மறுபடி கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தே இருப்பாள். எதிரில் இருப்பவருக்கு வியர்க்கத் தொடங்கும். அதன் பிறகுதான் உண்மை வெளியே வரும்.

எனக்குப் பிடித்தது அந்த உட்கார்ந்திருத்தல்தான். நம்மிடம் யார் அப்படி இரண்டாவது தடவை கேட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்? கிளினிக்கில் நான் வாயைத் திறப்பதற்குள் மருந்து எழுதி முடித்துவிடுகிறார்கள். வீட்டில் "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்பார்கள், "ஒண்ணுமில்ல" என்போம், அத்தோடு விசாரணை முடிந்தது. கேட்டவருக்கும் நிம்மதி.

இவ்வளவு வாய் பேசுகிற நான் என் தங்கையின் வளைகாப்பில் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் இருவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். நான் தூக்கி வளர்த்தவள். கிள்ளானில் ஒரு சின்ன மண்டபத்தில் ஏழாம் மாதம் வளையல் போட்டோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசுவதுதானே வழக்கம்? இவள் அறையிலிருந்து வரும்போதே இடது கையில் முழங்கை வரை சந்தனம் அப்பியிருந்தது. "மாப்பிள்ளைக்கு அவசரம் போல! நமக்கு முன்னாடியே பூசிட்டாரு!" என்று ஒரு ஆன்டி சத்தமாகச் சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அக்கா என்பதால் முதல் வளையல் நான்தான் போட்டேன். வலது கை முடிந்து இடது கையைப் பிடித்ததும், "போதும்க்கா, இந்தக் கைக்கு வேணாம்" என்றாள். "பைத்தியமா உனக்கு? ஒரு கைக்கு மட்டும் போட்டா ஆகாதுடி" என்று அதட்டினேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாசமாக இருப்பவளுக்குக் கை வீங்குவது சகஜம்தானே என்று எண்ணெய் தடவி ஒவ்வொரு வளையலாக அழுத்தி ஏற்றினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள். ஐயோ, அதை இப்போது நினைத்தாலும் என் கையை நானே உடைக்கலாம் போலிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொமுட்டரில் வழக்கம்போல தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் மேசைமேல் கோப்பை. அதில் குடித்தது யார் என்று எல்லாரும் தேடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் அதைக் கழுவி வைத்தது யார் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சந்தனம் பூசியது யார் என்று சொல்லித்தான் நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். யாரும் பார்ப்பதற்குமுன் எதற்காகப் பூச வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. சுபாங் ஜெயாவில் இறங்கி, அடுத்த ரயிலில் கிள்ளானுக்கே திரும்பினேன்.

தங்கை வீட்டில் தனியாக இருந்தாள். கையில் என்ன என்று கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்க்கா." சரி என்று எழுந்து வந்திருப்பேன், ஐம்பது வருடப் பழக்கம் அது. அன்று வரவில்லை. மறுபடியும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் புருஷன் கையை முறுக்குவானாம். முகத்தில் அடிக்க மாட்டானாம், அவ்வளவு விவரம்! போனைத் தினமும் வாங்கிப் பார்ப்பானாம். வளைகாப்புக்கு முதல் நாள் மணிக்கட்டைத் திருகிவிட்டு, மறுநாள் காலையில் அவனே சந்தனம் குழைத்து, ஊதி ஊதிப் பூசிவிட்டானாம். "பூசும்போது அழுதாருக்கா. எனக்கே பாவமா இருந்துச்சு" என்றாள். அடப்பாவி!

அப்போதே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு ஹாலில் பஞ்சாயத்து. போலீசுக்குப் போகுமுன் நம் ஆட்கள் எல்லாவற்றையும் முதலில் ஹாலில்தானே பேசி முடிப்பார்கள்? அவன் ஒரு பை ஆப்பிளோடு வந்து பவ்வியமாக உட்கார்ந்தான். அவனுக்குத் தேநீர் வேறு! அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "என்ன மாப்பிள்ளை, இவங்க சொல்றது உண்மையா?"

"இல்ல மச்சான். அவ வழுக்கி விழுந்தா. இப்போ கொஞ்சம் குழம்பிப் போயிருக்கா."

"சரி, விடுங்க லா. புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கண்ட டிராமாவும் பார்த்து உனக்கு மூளை கெட்டுப்போச்சு. பார்க்கிறவன்லாம் உனக்குக் கொலைகாரனாத் தெரியறான்."

நான் பதில் சொல்வதற்குள் தங்கை பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, போன வருஷமே உங்ககிட்ட சொன்னேன்ல? கையக்கூட காட்டினேனே."

அண்ணன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"'அக்காகிட்ட சொல்லிடாத, அவ கொலைப் படம் பார்க்கிறவ, சின்ன விஷயத்தைப் பெருசாக்கிடுவா'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஒரு வருடம்! அந்த ஒரு வருடமும் வாரம் தவறாமல் நான் அவளுக்கு மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கியாடி?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டியிருக்கிறேன். அவளும் நல்லா இருக்கேன்க்கா என்றிருக்கிறாள். அண்ணனை நான் திட்டவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. தங்கையின் கையைப் பிடித்து எழுப்பி, வெளியே கூட்டிவந்து காரில் ஏற்றினேன்.

போலீஸ் நிலையத்தில் ஒரு இளம் அதிகாரி மலாயில் கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்தார். கடைசியில், இது முன்பே வேறு யாருக்காவது தெரியுமா என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். "வேணாம்க்கா, அண்ணன் பாவம்" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

நான் அண்ணனின் முழுப் பெயரையும் சொன்னேன். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். எங்கள் அப்பாவின் பெயரை, தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.