முதுகு வரைகிறவன்

என் கொழுந்தன் படம் வரைவான். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிற வேலை. டப்பாக்களின் அடியில் மிஞ்சுவதைச் சுரண்டிக்கொண்டு வந்து பழைய பலகைகளில் பூசுவான். என் சமையலறைக் கிண்ணங்களில் பாதி அவன் பிரஷ் ஊறியே வீணாய்ப் போயின.

லீவு கிடைத்தால் மலைக்குப் பஸ் ஏறிவிடுவான். அங்கே மலைவாசிகளில் தேன் எடுக்கிற ஒருவர் அவனுக்குச் சிநேகிதம். அவர் பின்னாலேயே காடெல்லாம் சுற்றிவிட்டு வந்து வரைவான். மரம், பாறை, மழைமேகம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆட்கள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரிய ரகசியமொன்றும் இல்லை, அவனுக்கு முகம் வராது. மூக்கு வைத்தால் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். கடையில் அவனுக்கு 'முதுகு' என்றே பேர்.

"பழகுடா, வரும்" என்று நானும் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். அதற்குள் ஒரு ஓட்டல் முதலாளி வந்து சில படங்களை வாங்கிப் போனார். "முகத்தையே காட்டாம எவ்வளவு சொல்றீங்க தம்பி!" என்று அவர் உருகியதில் இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அது என் பாணி அண்ணி" என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கோ கோணலுக்கே கைதட்டல் கிடைத்துவிட்டது. அதோடு பழகுவதை விட்டான்.

போன மழைக்காலத்தில் தேன்காரர் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனார். சேதி வந்த அன்று இவன் சோற்றைத் தொடவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகனோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். அவரை யாரும் போட்டோ எடுத்ததே இல்லையாம்.

"நீங்கதான் அவர வரைஞ்சுக்கிட்டே இருப்பீங்களே. முகம் தெரியிற மாதிரி ஒண்ணு குடுங்க. இவன் வளந்தா கேப்பான்ல, அப்பா எப்படி இருப்பாருன்னு."

இவன் எல்லாப் பலகைகளையும் சுவரோரம் சாய்த்து வைத்தான். மரமேறும் முதுகு, புகை போடும் முதுகு, மழையில் நனைந்த முதுகு. அவள் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

"இப்பவே வரைஞ்சு தர்றேன்" என்று உட்கார்ந்தான். "புருவம் இன்னும் தடிப்பா இருக்கும்... சிரிச்சா வாய் ஒரு பக்கமாத்தான் போகும்" என்று அவள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல வரைந்தான், அழித்தான், வரைந்தான். சாயங்காலம் ஆகியும் அந்த முகம் வரவில்லை.

"இது வேற யாரோங்க" என்றாள், மெல்ல.

எனக்கு அவன் கையை முறிக்கலாம் போலவும் இருந்தது, அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

பையன் இதற்குள் சுவரோரம் போயிருந்தான். பெரிய பலகையில் இருந்த முதுகைப் பார்த்ததும் "அப்பா" என்றான். கூப்பிட்டும் அந்த முதுகு திரும்பவில்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே தலையை நுழைத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். வெறும் மரம். முன்னால் வந்தான். மறுபடியும் பின்னால் போனான்.

"வாடா கண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல" என்று அவள் அவனைத் தூக்கிக்கொண்டாள்.