மீன் இருந்த கையில் சூலம்

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே, கால்வாய்ப் பக்கம் இருக்கும் தூண் ஒன்றின் அடியில் என் அம்மா மீன் விற்றாள். நான் படித்த படிப்பு, இப்போது தி. நகரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்து படம் வரைகிற வேலை, எல்லாம் அந்தத் தூணடியிலிருந்து வந்தவை. காலையில் பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து இறங்குவாள். தலைக்கு மேலே ரயில் போகும்போது பேரத்தை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்தே திட்டத் தொடங்குவாள். அதற்குள் யாராவது விலையை மறந்துபோயிருந்தால் கொஞ்சம் ஏற்றிச் சொல்வாள்.

அவள் இறந்த அடுத்த வருடம், நானும் என் நண்பனும் அந்தத் தூணில் அவளை வரைந்தோம்.

நண்பன் ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவன். படிக்கிற காலத்தில் அவனுக்குச் சரக்கு ரயில் பைத்தியம். எங்கோ ஒரு யார்டில் நின்றிருந்த கூட்ஸ் பெட்டியில் ஸ்ப்ரே பெயிண்டால் ஆள் உயரத்துக்கு ஒரு நீலக் கண்ணை வரைந்துவிட்டு வந்திருந்தான். அந்தப் பெட்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்றைக்காவது மாம்பலம் வழியாகத் திரும்பும் என்று நம்பிக்கொண்டு, கல்லூரி விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு மாம்பலம் நடைமேடையில் போய் நிற்பான். நானும் வேலை வெட்டி இல்லாதவள் போல நிற்பேன்.

ஒரு நாள் உண்மையாகவே வந்தது. கண் இருந்த இடத்தில் புதிதாகப் பழுப்புப் பெயிண்ட், அதன் மேல் வெள்ளை எண்கள். பூசிய ஆள் அவசரக்காரன் போலிருக்கிறது, இமையின் ஓரம் மட்டும் தப்பியிருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டான். வண்டி சைதாப்பேட்டைப் பக்கம் போய் மறைந்த பிறகு, "ஒர்த்தன் வரைஞ்சது மேல பெயிண்ட் அடிக்கிறவன்லாம் மனுசனா மச்சி?" என்று கேட்டான். அழுதுவிட்டான். அவனை ரங்கநாதன் தெருவுக்கு அழைத்துப் போய்க் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவனை வீட்டுக்கும் கூட்டிப்போனேன். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரயிலு அவனுது, பெயிண்ட் அடிச்சிக்கினான். நீ துன்னு," என்று தட்டில் சங்கரா மீனை வைத்தாள். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக் குழம்புக்கு நிரந்தர வாடிக்கையாளன்.

அம்மாவை வரையலாம் என்று சொன்னது அவன்தான். அதற்காக இன்றும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்ல மனம்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். உடம்பும் புடவையும் அவன், முகம் நான் என்று பிரித்துக்கொண்டோம். முகத்தில் என்னைக் கேட்காமல் ஒரு கோடு கூட வைக்கமாட்டேன் என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

நெற்றியில் பொட்டு கிடையாது. அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு விவரம் தெரியாத வயது, அதிலிருந்தே அம்மாவின் நெற்றி வெறும் நெற்றிதான். நடு நெற்றியில் ஐஸ் பெட்டி மூடி விழுந்த தழும்பு மட்டும் இருக்கும். அந்தத் தழும்பை வரைய எனக்கு அரை நாள் ஆனது. வாங்குகிறாயா, போகிறாயா என்று கேட்கிற மாதிரி ஒரு புருவத்தை மட்டும் ஏற்றி வைத்தேன். அவன் அவளுடைய நீல நைலக்ஸ் புடவையைத் தீட்டிவிட்டு, வலது கையில் ஒரு வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக்காட்டுகிற மாதிரி வரைந்தான். காலடியில் அன்னக்கூடை.

ரோந்து வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்தி யாரைக் கேட்டு வரைகிறீர்கள் என்றார். தூணடியில் அம்மாவோடு சேர்ந்து மீன் விற்ற சின்னம்மா, அருவாமணையிலிருந்து தலையைத் தூக்காமலே, "எங்கக்கா சார். அது எடத்துல அது கீது. நீ போ சார்," என்றாள். அவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், "இப்பவும் முறைக்குது பாரு," என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அலுவலகத்தில் கூடக் கிடைத்ததில்லை.

அடுத்த கோடையில் தூண்களுக்கெல்லாம் ரயில்வே பெயிண்ட் அடிக்கப்போகிறது என்று செய்தி வந்தது. வந்தபோது நான் அலுவலக வேலையாகப் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தேன். கிரீன்வேஸ் சாலைப் பக்கமிருந்து சாம்பல் நிறம் தூண் தூணாக நெருங்கிக்கொண்டிருப்பதாகச் சின்னம்மா போனில் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நண்பனைக் கூப்பிட்டேன்.

"நான் பாத்துக்கறேன் மச்சி. ஒரு கோடு அழியாது. நீ வேலைய முடிச்சிட்டு வா."

அவன் சொன்னபடியே ஒரு கோடும் அழியவில்லை. நான் திரும்பி வந்து நிலையத்தின் படியிறங்கியபோது தூணைச் சுற்றிச் செருப்புகள் கிடந்தன. எலுமிச்சை மாலை தொங்கியது, கற்பூர வாசனை வந்தது. அம்மாவின் தலையில் கிரீடம். மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி. நீல நைலக்ஸ் சிவப்புப் பட்டாகிவிட்டது. வஞ்சிரம் இருந்த கையில் சூலம். அன்னக்கூடை இருந்த இடத்தில் தீச்சட்டி எரிந்தது. அரை நாள் உட்கார்ந்து நான் வரைந்த தழும்பின் மேல் மூன்றாவது கண் ஒன்று திறந்திருந்தது. புருவத்தை மட்டும் அவன் தொடவில்லை. அந்தப் புருவம் அப்படியே என்னைப் பார்த்து, வாங்குகிறாயா, போகிறாயா என்றது.

நம் ஊரில் சுவரோரம் ஒண்ணுக்குப் போகாமலிருக்கச் சாமி படம் ஒட்டி வைப்பார்களே, அந்த உத்தியைத்தான் அவன் பெயிண்ட்காரர்களிடம் காட்டியிருக்கிறான். அது வேலையும் செய்திருக்கிறது. சாம்பல் பெயிண்ட் அந்தத் தூணின் பின்பக்கம் முழுக்க ஏறி, முன்பக்கத்தில் அவளைச் சுற்றி வளைந்து, கிரீடத்துக்கு ஒரு ஜாண் தள்ளி மரியாதையாக நின்றிருந்தது.

அவனிடம் கத்தினேன். அவன் சிரித்தான்.

"இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற? சாமி மேல எவன் பிரஷ் வைப்பான், சொல்லு. உள்ள அம்மாதான கீது? பெயிண்ட்காரனுங்க அந்தாண்ட போவட்டும், ரெண்டே நாள்ல பழையபடி ஆக்கித் தரேன்."

சரி என்றேன். அவள் முகத்தைக் காப்பாற்றத்தானே செய்தான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பெயிண்ட்காரர்கள் மயிலாப்பூர் தாண்டிப் போய்விட்டார்கள். அவன் இன்றைக்கு, நாளைக்கு என்றான். இடையில் தூணைச் சுற்றி டைல்ஸ் பதித்தார்கள். உண்டியல் வந்தது. எதிர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பெண்கள் வந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அம்மா எதிரே வந்தால் கேட்டுக்குள்ளேயே நின்று, அவள் கடந்து போன பிறகு வெளியே வருகிறவர்களை அந்தக் குடியிருப்பில் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குப்பத்துக் கல்யாணங்களிலேயே அவள் பின்வரிசையில்தான் நிற்பாள். அந்த நெற்றியில் இப்போது எல்லோருடைய விரலும் படுகிறது. பார்க்கச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது.

ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். நான் கூட்டத்தில் நின்றேன். மைக்கில் குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர், அம்மன் கனவில் வந்து தன் முகத்தைக் காட்டி வரையச் சொன்ன பக்தருக்கு மரியாதை செய்யப்போவதாக அறிவித்தார். யாரடா அந்தப் பக்தர் என்று எட்டிப் பார்த்தால், தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலையோடு என் நண்பன் குனிந்து நிற்கிறான். எங்கள் வீட்டுச் சங்கராவைத் தின்ற வாய், கனவு கண்ட கதையைக் கூச்சமில்லாமல் சொன்னது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினான், பிறகு தொடர்ந்தான். போனில் கூப்பிட்டபோது, "ரெண்டு கோயில்ல சுவரு வரையக் கூப்ட்டுகீறாங்க மச்சி, இப்பதான் நாலு பேருக்கு என்னத் தெரியுது," என்றான். அதை அவன் ஒளிக்கவும் இல்லை.

ஆடி முடிந்ததும் சின்னம்மாவைத் தூணடி இடத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள். சாமி முன்னால் கவிச்சி கூடாதாம். எங்கள் குப்பத்து அம்மனுக்குக் கருவாட்டுக் குழம்புதான் படையல், அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்த அம்மன் மட்டும் சைவமாம். நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். சின்னம்மா அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மைக்கில் பேசிய அதே சங்கத்துக்காரர் அவளிடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நண்பன் ஏணியில் ஏறி, சூலத்துக்குப் பொன் நிறம் அடித்துக்கொண்டிருந்தான்.

"சார், இது சாமி இல்லை," என்றேன். "எங்க அம்மா. இதே இடத்துல உக்காந்து மீன் வித்தவங்க. முகத்தை வரைஞ்சது நான்."

அவர் முகம் சிவந்தது. "என்னம்மா பேச்சு இது? தெய்வக் குத்தம் ஆயிடும்." பிறகு, நியாயமான மனிதர்தான், ஏணிப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "தம்பி, இவங்க சொல்றது நிஜமா?"

அவன் பிரஷை டப்பாவில் தோய்த்தான். விளிம்பில் வழித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். கனவுல வந்த மொகம்தான்."

"இன்னாடா சொன்ன?" என்றாள் சின்னம்மா. "அவ கையால துன்னவன்தானடா நீ?"

அவன் சூலத்தின் நடு முனைக்குப் போய்விட்டான். எனக்கு அவனை ஏணியோடு தள்ளிவிடலாமா என்று இருந்தது. தள்ளவில்லை. சாமியே இல்லை என்று அவர்களை நம்ப வைத்துவிட்டால் மட்டும் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரமே சாம்பல் பெயிண்ட் முன்பக்கமும் வந்துவிடும். அவள் முகம் இருக்க வேண்டுமானால் நான் வாயை மூட வேண்டும். அவன் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

போகும் வழியில் நான் அழுததைப் பார்த்துச் சின்னம்மா, "உட்றீ," என்றாள். "உயிரோட இருந்தப்பவே எடத்தக் காலி பண்ணு, எடத்தக் காலி பண்ணுன்னு தெனம் என்னாண்ட சண்ட போடுவா. கடசில ஜெயிச்சிட்டா பாரு." சொல்லிவிட்டு அவளே மூக்கைச் சிந்தினாள். இப்போது அவள் நிலையத்தின் மறு பக்கம், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் உட்காருகிறாள். பாதி நாள் மீன் மீந்துபோகிறது.

சென்ற மாதம் தூண்களின் அடிப்பகுதியில் உரிந்த பெயிண்டைச் சரிசெய்ய ரயில்வே பெயிண்ட்காரர்கள் மறுபடி வந்தார்கள். எந்தப் பெயிண்டுக்குப் பயந்து பெங்களூரில் தூக்கமில்லாமல் கிடந்தேனோ, அதே பெயிண்ட்காரர்களிடம் நானே போய் நின்றேன். மேஸ்திரியிடம், இந்தத் தூணை முழுக்க அடித்துவிடுங்கள் என்றேன். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"நான் புள்ளகுட்டிக்காரன்மா," என்றார். "ஆபீஸரே வந்து சொன்னாலும் என் கை போவாது." பேசும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது டைல்ஸ் மேல் ஒரு போர்டு நிற்கிறது. 'இங்கு மீன் விற்கக் கூடாது. மீனுடன் இவ்வழியே வராதீர்கள்.' எழுத்தை நன்றாக எழுதியிருக்கிறான். கல்லூரியில் அந்த எழுத்துக்குப் பரிசு வாங்கியவன். போர்டுக்கு நேர் மேலே, ஒரு புருவத்தை ஏற்றிக்கொண்டு அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவிடம் சங்கரா வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, என் கையில் மீன் பை இருக்கிறது. அதனால் அவள் முன்னால் நான் போக முடியாது. கால்வாய் ஓரமாகச் சுற்றித் தூணின் பின்பக்கம் வருகிறேன். அங்கே ரயில்வே அடித்த சாம்பல் நிறம்தான் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு, என்ன மீன், என்ன விலை என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.